டர்ஹாமின் குட்டிக் குழாய்

"விடால் டெஸ்ட் பாசிட்டிவ் என்றால் டைபாய்டுதானா?" என்று வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார். அந்தக் கிருமியை லேபில் எப்படி இனம் பிரிக்கிறார்கள் என்று தெரிந்தால் பதில் தானே வந்துவிடும்.

குடல் பாக்டீரியாக்கள் பலவும் மைக்ராஸ்கோப்பில் ஒரே மாதிரிக் குச்சிகள். எந்தச் சர்க்கரையைப் புளிக்கவைக்கின்றன என்று பார்த்தால்தான் குட்டு வெளிப்படும். சர்க்கரைத் திரவத்துக்குள் ஒரு குட்டிக் கண்ணாடிக் குழாயைத் தலைகீழாக மூழ்கவிட்டு, கிருமியைச் சேர்ப்பார்கள். அமிலம் உண்டானால் சிவப்புத் திரவம் மஞ்சளாகும். வாயு உண்டானால் குட்டிக் குழாயின் உச்சியில் குமிழாக மாட்டிக்கொள்ளும். ஈகோலை, லாக்டோஸிலிருந்து இரண்டையும் தரும். டைபாய்டு கிருமி லாக்டோஸைச் சீண்டாது. குளுக்கோஸை அமிலமாக்கும், குமிழ் மட்டும் வராது.

1898-இல் இந்தக் குழாயை அறிமுகப்படுத்தியவர் ஹெர்பர்ட் டர்ஹாம். அதற்கு இரண்டு ஆண்டு முன்பு, வியன்னாவில் குரூபர் என்ற ஆய்வாளருடன் சேர்ந்து, நோய் எதிர்ப்புச் சீரம் பட்டால் கிருமிகள் திரளும் என்று காட்டியவரும் இவரே. (பிற்காலத்தில் ஆப்பிள் மது காய்ச்சும் கம்பெனிக்கு வேலைக்குப் போனார். புளிப்பு விடவில்லை!)

கிருமியை உறுதிசெய்ய இந்தச் சீரம் சோதனையை ஸ்லைடில் செய்கிறார்கள்: டைபாய்டு எதிர்ப்புச் சீரம் ஒரு சொட்டு, கொஞ்சம் கிருமி, லேசாக ஆட்டினால் மணல் மணலாகத் திரள வேண்டும். டைபாய்டு கிருமியோ சில சமயம் கலங்கிய பாலாகவே நிற்கும். அதன் மேல் 'விஐ' என்றொரு உறை, சீரம் தேடும் அடையாளத்தை மூடி நிற்கும். மழைக்கோட்டுக்குள் ஐடி கார்டை மறைத்துக்கொண்டு வரும் என் பேரனைப் பள்ளி வாட்ச்மேன் நிறுத்திவிடுவார், அந்தக் கதைதான். கிருமிக் கரைசலைக் கொதிக்கும் நீரில் வைத்தெடுத்து மறுபடி சோதித்தால் உறை கழன்று, உடனே திரளும்!

டெஸ்ட்டுக்குத் தன் பெயரைத் தந்த விடால் இதைத் தலைகீழாக்கினார். கிருமி தெரிந்தது, சோதிப்பது நோயாளியின் சீரத்தை. பழைய காய்ச்சலோ தடுப்பூசியோ விட்டுப்போன எதிர்ப்பொருளுக்கும் அது திரளும். டைபாய்டு நடமாடும் நம் ஊரில் ஒரே ஒரு விடாலை நம்பி மாத்திரை விழுங்குவது எனக்குச் சம்மதமில்லை. கிருமியையே வளர்த்துப் பார்க்கும் வேலையை ஓரங்கட்டிவிட்டோம்.

அதனால் அம்மா, முதல் ஆன்டிபயாடிக் மாத்திரைக்கு முன்பே ரத்தக் கல்ச்சருக்குக் கொடுக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். முடிவு வரச் சில நாள் ஆகும். அதுவரை என்ன மருந்து என்பதை அவர் சொல்வார்.