உள்ளும் புறமும்



பாட்டனார் காலத்து வானொலிப் பெட்டி ஒன்று உங்கள் இல்லத்துப் பரணில் இன்னும் இருக்குமானால், அதனைக் கீழே இறக்கித் தூசி தட்டிப் பாருங்கள். தேக்கைக் கடைந்து செய்ததுபோல் மின்னும் அதன் முகம் பெரும்பாலும் முழு மரம் அன்று. ஒட்டுப்பலகையின்மேல் ஒட்டப்பெற்ற மெல்லிய மர ஏடே அது. தச்சர்கள் அதனை 'வினீர்' என்பர். இக்காலத்து வினீர் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் கனமே உடையது.

வெளிவேடத்தைக் கண்டித்து மறையுரை ஆற்றும்போதெல்லாம், 'உள்ளே ஒன்று, மேலே ஒட்டியது வேறொன்று' என்று இந்த வினீரையே உவமையாகக் கூறிவந்தவன் நான். அந்த உவமை எத்துணை அரைகுறையானது என்பதை, எங்கள் உத்திரமேரூர்ப் பகுதியில் தச்சுத் தொழில் செய்யும் தந்தை, மகன் ஆகிய இருவர் எனக்குக் கற்பித்தனர். அதனை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

பெட்டி எதற்கு?

எங்கள் கோவிலின் ஒலிபெருக்கிகள் பழுதுற்றிருந்தன. புதியவற்றை விலைக்கு வாங்கப் பங்கின் நிதி இடந்தரவில்லை. அப்போது அந்த இளைஞர், "ஒலிக்கருவியை மட்டும் வாங்கித் தாருங்கள் ஃபாதர். பெட்டியை நாங்களே செய்துவிடுகிறோம்" என்றார்.

பெட்டி என்பது அழகுக்காக மட்டும் என்றுதான் அதுவரை எண்ணியிருந்தேன். அவ்வாறன்று. ஒலிபெருக்கியின் கூம்பு முன்னும் பின்னும் அசைகிறது. அது முன்னே செல்லும்போது முன்பக்கக் காற்று நெருக்குண்கிறது. அதே நொடியில் பின்பக்கக் காற்று தளர்கிறது. இவ்விரு அலைகளும் தடையின்றிக் கலந்தால் ஒன்றை ஒன்று அழித்துவிடும். குறிப்பாகத் தாழ்ந்த சுரங்கள் மறைந்துபோகும். பின்னலையை அடைத்துவைக்கவே பெட்டி வேண்டும். ஆகவே அதில் காற்றுப் புகும் இடுக்கு இருத்தல் ஆகாது. பலகை தானே அதிர்தலும் ஆகாது. 18 மில்லிமீட்டர் கனமுள்ள எம்.டி.எஃப். எனும் அழுத்தப் பலகையை அவர்கள் தேர்ந்தது இக்காரணம் பற்றியே. அப்பலகை உறுதியானது, ஆனால் மர ரேகை ஏதும் அற்ற வெற்று முகம் உடையது. திருப்பீடத்திற்கு அருகில் வைக்கும் பொருள் கண்ணுக்கு இனிதாக இருக்கவேண்டும் என்று, தேக்கு வினீர் ஒட்ட முடிவு செய்தோம்.

பழமையான கலை

இக்கலை நேற்றுத் தோன்றியதன்று. ஏறத்தாழ 3,400 ஆண்டுகளுக்கு முன், எகிப்து நாட்டில் ரெக்மிரே என்னும் அமைச்சரின் கல்லறைச் சுவரில், தச்சர்கள் பசை காய்ச்சி மர ஏடு ஒட்டும் காட்சி வரையப்பட்டுள்ளது. அரிய மரத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்துவதே இக்கலையின் நோக்கம். ஓர் அங்குலக் கனமுள்ள கட்டையை மரத்தூள் விழாமல் கத்தியால் சீவும் இயந்திரத்தில் இட்டால், கணக்குப்படி ஏறத்தாழ ஐம்பது ஏடுகள் கிடைக்கும். ஈட்டி உள்ளிட்ட மர இனங்கள் அருகி வருவதால், 2017 முதல் அவற்றின் பன்னாட்டு வாணிபம் பரவலான கட்டுப்பாட்டுக்கு உள்ளாகியிருக்கிறது. ஒரு மரத்தின் அழகை ஐம்பது இல்லங்களுக்குப் பகிர்ந்தளிப்பது பொய்யாகுமா? அதனை முழு மரம் என்று சொல்லி விற்றால் பொய். வினீர் என்று சொல்லி விற்றால் அது நேர்மையான தொழிலே.

கற்றுக்கொண்ட முறை

மகனுக்குப் பெட்டி கூட்டத் தெரியும். வினீர் ஒட்டிப் பழக்கமில்லை. தந்தையோ தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த வச்சிரப் பசையைச் சூடாகப் பூசி ஒட்டிய காலத்தவர். 1959-இல் ஃபெவிகால் வந்தபின் வச்சிரத்தின் பயன்பாடு நாளடைவில் அருகிவிட்டது. ஆயினும் கைப்பக்குவம் மாறவில்லை. தந்தை சொல்ல மகன் செய்தார். நான் அருகிருந்து கண்டேன். வீட்டில் முயல விரும்பும் பிள்ளைகளுக்கு உதவும் என்பதால் முறையைச் சொல்கிறேன்.

முதலில் பெட்டியின் திருகாணிக் குழிகளையும் இணைப்புகளையும் மக்கு வைத்து அடைத்து, உப்புத்தாளால் தேய்த்துச் சமமாக்க வேண்டும். அடியில் உள்ள சிறு மேடும் பள்ளமும் ஏட்டின் வழியே வெளிப்பட்டே தீரும். பெரியவர் கண்ணால் பார்த்ததோடு நில்லாமல், கண்ணை மூடி உள்ளங்கையால் தடவிப் பார்த்தார்.

அடுத்து ஏட்டை எல்லாப் பக்கமும் அரை அங்குலம் கூடுதலாக விட்டு, இரும்பு அளவுகோலை அணைத்துக் கூரிய கத்தியால் பலமுறை மெல்லக் கீறி வெட்டவேண்டும். ஒரே மூச்சில் அழுத்தினால் கத்தி ரேகையின் போக்கில் ஓடிவிடும். பிறகு ஏட்டின் அடியிலும் பலகையின் மேலும் வெள்ளைப் பசையை மெல்லியதாகப் பூசி, பால் நிறம் மாறித் தெளியும்வரை உலரவிட வேண்டும். உலர்ந்தபின் ஏட்டைப் பொருத்தி, மேலே மெல்லிய துணி விரித்து, நீராவி இல்லாத இஸ்திரிப் பெட்டியால் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி அழுத்தவேண்டும். சூட்டில் பசை இளகிப் பிடித்துக்கொள்ளும். ஆறும்வரை மரக்கட்டையால் தேய்த்து அழுத்துதல் நலம்.

விரல் கணுவால் தட்டிப் பார்த்தால் பிடிக்காத இடம் பொள்ளென்று ஒலித்துக் காட்டிக்கொடுக்கும். அவ்விடத்தில் ரேகையின் போக்கிலேயே பிளேடால் ஒரு கீறல் இட்டு, மருந்து ஊசியால் பசையைச் செலுத்தி, மீண்டும் அழுத்தினால் போதும், வடு தெரியாது. இறுதியாக ரேகையின் வழியே மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, சாராவியில் கரைத்த அரக்கைத் துணிப் பொட்டலத்தால் பல முறை பூசவேண்டும். அரை மில்லிமீட்டர் ஏட்டை ஆத்திரத்தில் தேய்த்தால் அடிப்பலகை தெரிந்துவிடும் என்பதை மறவாதீர்கள்.

என் அவசரம்

இத்தனையும் ஐப்பசி, கார்த்திகை மழையில் நடந்தது. வினீர்க் கட்டு, ஓதம் ஏறிய சுவரோரம் கிடந்தது. பெரியவர் ஓர் ஏட்டை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்து, "ஈரம் குடிச்சிருக்கு சாமி. வெயில் வரட்டும்" என்றார். "ஐயா, கிறிஸ்து பிறப்புப் பெருவிழா வெயிலுக்காகக் காத்திருக்குமா?" என்றேன். குருவானவர் சொல்லை மீறத் தயங்கி இருவரும் ஒட்டி முடித்தனர். விழா இரவில் பெட்டிகள் மின்னின. எல்லாரும் பாராட்டினர். அந்தப் பாராட்டில் பாதியை நானே எடுத்துக்கொண்டேன்.

மழை ஓய்ந்து பனியும் போய் வெயில் ஏறியது. தவக்காலத்தில் ஒருநாள் திருப்பலி முடிந்ததும் மூதாட்டி ஒருவர் என்னிடம் வந்து, "சாமி, வாசகம் கேக்கல. வண்டு ரீங்காரந்தான் கேக்குது" என்றார். சென்று பார்த்தேன். ஒலிக்கருவி பொருத்திய முன்பலகைகள் இரண்டும் முகம் குழிந்து வளைந்திருந்தன. மூலைகளில் திருகாணி நெகிழ்ந்து இடுக்கு விழுந்திருந்தது. அதன் வழியே காற்றுப் பீறிட, பலகையும் சேர்ந்து அதிர்ந்தது.

காரணத்தை மகனே விளக்கினார். மரம் ஈரத்தில் ரேகைக்குக் குறுக்காக விரியும், உலர்ந்தால் சுருங்கும். நீளவாக்கில் அவ்வளவாக மாறாது. ஈரத்தில் விரிந்த ஏட்டை ஒட்டியதால், உலர்ந்து சுருங்கியபோது அது பலகையைத் தன் பக்கம் இழுத்துவிட்டது. கூட்டி ஒட்டிய பெட்டியின் பக்கங்கள் ஒன்றை ஒன்று தாங்கிக்கொண்டன. கழற்றி மாட்டும் முன்பலகைக்கோ அந்தத் துணை இல்லை. "தனிப் பலகைக்கு இரண்டு பக்கமும் ஒட்டணும் ஃபாதர். உள்பக்கம் யாரு பார்க்கப்போறாங்கன்னு விட்டுட்டேன். தப்பு என்னுதுதான்" என்றார்.

இரு பக்கமும் ஒரே கனமுள்ள ஏடு இருந்தால் இரண்டும் சம வலிமையோடு இழுக்கும். பலகை நேராக நிற்கும். உள்பக்கத்து ஏடு விலை குறைந்த மரமாக இருக்கலாம், அழகாக இருக்கவேண்டியதில்லை. ஆனால் இருந்தாக வேண்டும்.

கணக்கு ஒப்புவித்தல்

சிலர், "கறுப்புச் சாயம் அடித்து, இடுக்கில் மக்கு வைத்துவிடுங்கள்" என்றனர். அந்த இளைஞர் இணங்கவில்லை. பலகைகளைக் கழற்றிச் சென்றார். மறுநாள் ஒரு தாளில் பழைய செலவு, வீணான வினீர், புதிதாகத் தேவைப்படுவது எல்லாம் எழுதி, தம் கூலியைக் கழித்துக்கொண்டு வந்து நீட்டினார்.

நம் ஊரின் வைகுண்டப் பெருமாள் கோவில் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பெற்ற குடவோலைக் கல்வெட்டுகளைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் தேர்வு பெறலாகாது என்பது அதில் உள்ள விதிகளுள் ஒன்று. அந்த ஊரில், ஒருவரும் கேளாமலே கணக்குக் காட்டினார் ஒரு தச்சரின் மகன். கணக்குக் காட்டாது நின்றவன் நான். ஈரம் என்று எச்சரித்த பெரியவரை அவசரப்படுத்தியது யார்?

அந்த ஞாயிறன்று பங்குப்பேரவையின் முன் நடந்ததைச் சொன்னேன். பிழை தொழிலாளியுடையதன்று, என்னுடையது என்றும், அவர் கூலியைக் குறைத்தல் நீதியன்று என்றும் கூறினேன். சொல்லும்போது நா தடுமாறியதை மறைக்கவில்லை. முழுக் கூலியும் கொடுக்கப்பட்டது. வெயிலில் ஏடு நன்கு உலர்ந்தபின் இரு பக்கமும் ஒட்டிய புதிய முன்பலகைகள் குருத்து ஞாயிற்றுக்கு முன் ஏறின. அன்று திருப்பாடுகளின் வாசகத்தைக் கடைசி வரிசையில் அமர்ந்திருந்த அந்த மூதாட்டி தெளிவாகக் கேட்டார்.

பேழையின் உட்புறம்

விடுதலைப் பயண நூலின் 25-ஆம் அதிகாரத்தில், வேல மர இனத்தைச் சேர்ந்த மரத்தால் உடன்படிக்கைப் பேழையைச் செய்யுமாறு கடவுள் மோசேக்குக் கட்டளையிடுகிறார். அதற்குப் பொன் தகடு வேயவேண்டும். வெளியே மட்டுமன்று, உள்ளேயும். மூடியபின் ஒருவரும் காணாத உட்புறத்துக்கும் பொன் எதற்கு என்று முன்பெல்லாம் வியந்ததுண்டு. வளைந்த அந்த முன்பலகையைக் கண்டபின் எனக்கு வியப்பில்லை.

பெற்றோரே, நம் குடும்பங்களிலும் விருந்தினர் காணும் பக்கத்துக்கு ஏடு ஒட்டி வைத்திருக்கிறோம். ஞாயிறு உடை, விழாக்கால உபசாரம், பிறர்முன் பேசும் இனிய சொல் யாவும் நல்லவையே. அவற்றை வேடம் என்று இகழ வேண்டா. ஆனால் கதவு சாத்தியபின் மனைவியிடம் பேசும் சொல், ஒருவரும் பாராத வேளையில் செய்யும் செபம், பிள்ளையிடம் கேட்கும் மன்னிப்பு ஆகிய உட்பக்கத்து ஏடு இல்லையேல், முகத்தின் அழகே நம்மை வளைத்துவிடும். காலம் வறளும்போது இடுக்கு விழும். நம் வாயிலிருந்து நற்செய்தி வாராது, இரைச்சலே வரும்.

தொழிலாளரான புனித சூசையப்பரின் விழாவை 1955-ஆம் ஆண்டு திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் மே முதல் நாளுக்கு ஏற்படுத்தினார். வரும் மே முதல் நாளன்று உங்கள் ஊர்த் தச்சர் ஒருவரைச் சந்தித்து, அவர் கையைப் பற்றி நன்றி கூறுங்கள். அவர் ஏதேனும் எச்சரித்தால், என்னைப்போல் அவசரப்படாமல் கேட்டுக்கொள்ளுங்கள்.