கணக்கு முடிக்கும் முன் நாட்குறிப்பைப் புரட்டுவோம்

மார்ச் 31-இல் கணக்கை முடிக்கிறோம். பேரேடும் ஐந்தொகையும் லாப நட்டத்தைக் காட்டும். அது ஏன் வந்தது என்று சொல்லா. அதற்கு நாட்குறிப்பு வேண்டும்.

நாம் பல ஆண்டுகளாகக் கடை அடைத்ததும் நான்கு வரி எழுதி வருகிறோம். எந்தச் சரக்கை இல்லையென்று சொன்னோம், யாருக்கு எதை நம்பிக் கடன் கொடுத்தோம், எங்கே வார்த்தை தடித்தது என்பவையே செய்தி. மார்கழி இரவுகளில் ஆண்டு முழுவதையும் படித்துப் பார்ப்போம்.

2025 செப்டம்பர் 22 முதல் குளியல் சோப்பு, ஷாம்பு, பற்பசைக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. வரி குறையும் என்ற அறிவிப்பு ஆகஸ்ட் 15-லேயே வந்துவிட்டது. அதன் பின்னும் நாம் வழக்கம்போல் கொள்முதல் செய்தோம். சில்லறைக் கடைக்காரர்களோ விலை இறங்கட்டும் என்று காத்திருந்தனர். சரக்குத் தேங்கியது. அறிவிப்பு வந்தால் முதலில் இருப்பைக் குறைக்க வேண்டும் என்பது நாட்குறிப்பு தந்த பாடம்.

இன்னொன்று. பழைய வாடிக்கையாளர் ஒருவரின் பேரேட்டுப் பக்கத்தில் பாக்கி இல்லை. நல்ல கணக்கு என்றே நினைத்திருந்தோம். நாட்குறிப்பில் ஆடி மாதத்து வரி ஒன்று கண்ணில் பட்டது: "பாக்கியை நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டோம்." மறுவாரமே அவர் முழுத் தொகையையும் கட்டியிருக்கிறார், அதன்பின் சரக்கே எடுக்கவில்லை. நேரில் போய் வருத்தம் தெரிவித்தோம். பொங்கலுக்கு அவரிடமிருந்து மீண்டும் சரக்குச் சீட்டு வந்தது.

வணிகப் பெருமக்களே, ஒரு குயர் நோட்டும் இரவில் ஐந்து நிமிடமும் போதும். நம் தவற்றையும் மறைக்காமல் எழுதுவோம். வரவேண்டிய பணத்தைப் பேரேடு காட்டும். வராமற்போன மனிதரை நாட்குறிப்புதான் காட்டும்.