தோமையாரும் குந்தபர் மன்னனும்

சீரிய மொழியிலே ‘தோமையார் நடபடிகள்’ என்றொரு பழைய நூல் உண்டு. இன்று துருக்கியின் தென்பால் உர்பா என வழங்கும் எடெசா நகரில், கி. பி. மூன்றாம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுந்ததென அறிஞர் கருதுவர். திருச்சபையார் அதனை விவிலியத்துள் சேர்த்தாரல்லர். இயேசுநாதரின் சீடராகிய தோமையார் அப்பான் என்னும் வணிகனுக்கு அடிமையாய் விற்கப்பட்டு, குந்தபர் என்னும் இந்திய மன்னனுக்கு மாளிகை கட்டச் சென்றாரென அந்நூல் கூறும். மன்னன் கொடுத்த பொன்னையெல்லாம் அவர் ஏழைகளுக்கு ஈந்துவிட்டு, மாளிகை வானுலகில் எழுந்துள்ளதென விடையிறுத்தாராம். பாண்டியன் குதிரை வாங்கத் தந்த பொருளைத் திருப்பெருந்துறையிற் செலவிட்ட மாணிக்கவாசகரை அறிந்த நமக்கு இக்கதை அந்நியமாய்த் தோன்றாது.

பேசும் கழுதைக் குட்டியும் கொடிய நாகமும் அந்நூலில் வருகின்றன. கிரேக்க உரோம சரித்திர ஆசிரியர் எவரும் குந்தபர் என்றொரு மன்னனைக் குறித்தாரல்லர். ஆகவே அவனையும் கற்பனைப் பாத்திரமாகக் கொள்வதற்கே இடமிருந்தது.

1830ஆம் ஆண்டுகளிலே சார்ள்ஸ் மாசன் என்பார் ஆப்கானிஸ்தானத்துப் பெக்ராமில் பழைய நாணயங்களை ஆயிரக்கணக்கிற் சேகரித்தார். அந்நாட்டிலும் பஞ்சாபிலும் கிடைத்த இத்தகைய நாணயங்கள் பலவற்றில் ஒரு புறம் கிரேக்க எழுத்தும் மறுபுறம் கரோஷ்டி எழுத்தும் இருந்தன. கல்கத்தா நாணயசாலையிற் பணியாற்றிய ஜேம்ஸ் பிரின்செப் இவ்விருமொழி நாணயங்களைத் துணைக்கொண்டே கரோஷ்டி எழுத்தை வாசிக்க வழிகண்டார். அவற்றுட் சில நாணயங்களில் கொண்டோபரஸ் என்னும் பார்த்திய மரபு மன்னனின் பெயர் காணப்பட்டது. அவனே சீரிய நூலின் குந்தபர்!

பின்னர், இன்று பாகிஸ்தானைச் சேர்ந்த தக்த்-இ-பாஹியிற் கிடைத்த கல்வெட்டொன்று அவன் காலத்தையும் காட்டிற்று. அவன் ஆட்சியின் 26ஆம் ஆண்டு, ஒரு சகாப்தத்தின் 103ஆம் ஆண்டு என அது கூறும். அச்சகாப்தம் கி. மு. 57 அளவில் தொடங்கியதெனக் கொண்டால், கல்வெட்டின் ஆண்டு கி. பி. 46 ஆகும். சில ஆண்டுகள் வேறுபடக் கூறுவோரும் உளர். எனினும் கதை கூறும் காலத்தோடு அரசனின் காலம் ஒத்துவருகிறது.

இதனால் நிலைபெற்றது யாது? இரு நூற்றாண்டுகளுக்குப் பின் எடெசாவில் எழுதிய ஒருவர், சிந்து நதிப் பக்கத்தில் முன்னொருகால் ஆண்ட மன்னனின் பெயரைப் பிழையின்றி அறிந்திருந்தார் என்பது நிலைபெற்றது. வணிகப் பெருவழியில் இருந்த அந்நகருக்கு அப்பெயர் வணிகர் வாயிலாக வந்திருக்கலாம். தோமையாரின் நினைவோடும் வந்திருக்கலாம். நாணயம் அரசனுக்குச் சான்றேயன்றி, தச்சனுக்குச் சான்றன்று. விரலை இட்டுப் பார்த்தாலன்றி நம்பேன் என்றவர் தோமையார் என்று யோவான் சுவிசேஷம் கூறும். புதைபொருள் ஆராய்ச்சியாளர் தமக்கொரு காவலரைத் தேடினால் அவரையே தெரிந்தெடுத்தல் தகும்.

விவிலியத்துக்கும் இதே அளவுகோல்தான். 1961இல் செசரியா நகரத்து அரங்கின் இடிபாடுகளில், படிக்கட்டிற் பதித்திருந்த கல்லொன்று பொந்தியு பிலாத்துவின் பெயரோடு வெளிப்பட்டது. யூத, உரோம ஆசிரியர்களும் அவனைப் பற்றி எழுதியிருந்தமையால் அவன் இருந்தான் என்பதில் முன்னரே ஐயமில்லை. கல் திருத்தியது அவன் பதவிப் பெயரையே. ஆயின் எரிகோவில் நேர்ந்தது வேறு. யோசுவா காலத்தில் வீழ்ந்த மதிலைக் கண்டதாக 1930ஆம் ஆண்டுகளில் கார்ஸ்ராங் கூறினார். 1952 முதல் 1958 வரை அங்கு அகழ்ந்த கத்லீன் கென்யன், அம்மதில் அதற்குப் பல நூற்றாண்டு முற்பட்டதெனக் காட்டினார். முதற்சான்றை மட்டும் பிரசங்கத்துக்கும், இரண்டாவதை மட்டும் கண்டனத்துக்கும் எடுத்துக்கொள்வோர் இருபுறத்தும் உளர். விவிலிய மொழிபெயர்ப்பில் பேர்சிவல் பாதிரியாருக்குத் துணைநின்ற நாவலர் பெருமான் பிறந்த யாழ்ப்பாணத்திலே, படித்தறியாமற் கண்டிப்பது அழகன்று.

இனி நம் பக்கம் வருவோம். தோமையார் உயிர்நீத்த இடமென மரபு கூறும் சென்னைப் பரங்கிமலையில், 1547இல் பஃலவி எழுத்துப் பொறித்த கற்சிலுவை ஒன்று கிடைத்தது. அதன் எழுத்தமைதி தோமையாருக்குப் பல நூற்றாண்டுகள் பிற்பட்டது. அநுராதபுரத்தில் 1912இல் எயிற்றன் காலத்து அகழ்வில் வெளிப்பட்ட சிலுவையை முதலில் போர்த்துக்கேயரதென்றே எண்ணினர். ஆறாம் நூற்றாண்டில் இலங்கையிலே பாரசீகக் கிறித்தவர் வாழ்ந்ததாகக் கொஸ்மாஸ் எழுதியதைச் சுட்டி, அது அவர்களுடையது எனக் கொட்றிங்டன் கருதினார். இவ்விரு சிலுவைகளும் பேசுவது பாரசீக வணிகரைப் பற்றி, அப்போஸ்தலரைப் பற்றியன்று. போர்த்துக்கேயர் வருமுன் இத்தீவிற் கிறித்தவம் இருந்ததில்லை என்போரையும் அநுராதபுரச் சிலுவை மறுத்து நிற்கிறது.

பிறர் நூலுக்கு வைத்த இவ்வளவுகோலை நம்மவற்றுக்கும் வைத்தல் வேண்டும். கொக்குவிலுக்கு மேற்கே அண்மையிலுள்ள ஆனைக்கோட்டையில், 1980இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் அகழ்ந்த பெருங்கற்கால ஈமக்குழியில் முத்திரையொன்று கிடைத்தது. அதன் கீழ்வரியிலுள்ள மூன்று பிராமி எழுத்துகளைக் ‘கோவேத’ என வாசித்து, ‘கோ’ என்பதை அரசனாகக் கொள்வர். அவ்வொரு சொல்லின்மேல் ஓர் இராச்சியத்தையே எழுப்பும் மேடைப் பேச்சுகளையும் கேட்கிறோம். பிராமி எழுத்தறிந்த, முத்திரை வைத்திருக்கத்தக்க ஒருவர் இங்கே வாழ்ந்து மடிந்தார் என்பதை முத்திரை சொல்லும். அவர் எவ்வளவு நிலத்தை ஆண்டார், ஆண்டாரோ என்பதைச் சொல்லாது. மேல்வரியில் மூன்று குறிகள் உள்ளன. அவற்றை ஐயமற வாசித்தார் இன்னும் எவருமிலர்.