ஓடும் பொருளின் சக்தி: வேகம் இரண்டு மடங்கானால் அடி நான்கு மடங்கு

நிறுத்தி வைத்திருக்கும் உழவு இயந்திரத்தில் நாம் சாய்ந்து நிற்கிறோம். அதே இயந்திரம் ஓடி வரும்போது விலகி நிற்கிறோம். இரும்பும் ஒன்றுதான், பாரமும் ஒன்றுதான். ஆனால் ஓடும்போது அதில் சக்தி சேர்ந்திருக்கிறது. அசைவினால் ஒரு பொருளுக்கு வரும் இந்தச் சக்தியை 'இயக்கசக்தி' என்று பிள்ளைகளின் விஞ்ஞானப் பாடத்தில் சொல்கிறார்கள். இது பரீட்சைக்கு மட்டும் உரிய விடயம் அன்று. மண்வெட்டி பிடிப்பவருக்கும், சைக்கிளில் மூடை கட்டுபவருக்கும், பெட்டி பூட்டிய உழவு இயந்திரத்தில் பிள்ளைகளை ஏற்றிச் செல்பவருக்கும் இது உதவும்.

எப்படிக் கணிப்பது?

இரண்டு விபரங்கள் போதும். ஒன்று, பொருளின் திணிவு. அதாவது எத்தனை கிலோ என்பது. மற்றது, அது ஒரு செக்கனில் எத்தனை மீற்றர் செல்கிறது என்பது.

இயக்கசக்தி = ½ × திணிவு × வேகம் × வேகம்

விடை 'யூல்' என்ற அலகில் வரும். வாகனத்தின் வேகத்தை மணிக்கு இத்தனை கிலோமீற்றர் என்று சொல்வது வழக்கம். அதை 3.6 ஆல் பிரித்தால் செக்கனுக்கு எத்தனை மீற்றர் என்பது கிடைக்கும். மணிக்கு 18 கிலோமீற்றர் என்பது செக்கனுக்கு 5 மீற்றர். மணிக்கு 36 கிலோமீற்றர் என்பது செக்கனுக்கு 10 மீற்றர்.

ஒரு சைக்கிளை எடுத்துக்கொள்வோம். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ. செக்கனுக்கு 5 மீற்றர் வேகத்தில் போனால்:

½ × 80 × 5 × 5 = 1000 யூல்

நெல் மூடையும் சில்லறைச் சாமானும் சேர்த்து இன்னொரு 80 கிலோ ஏற்றினால் மொத்தம் 160 கிலோ. அதே வேகத்தில்:

½ × 160 × 5 × 5 = 2000 யூல்

பாரம் இரண்டு மடங்கானதும் சக்தியும் இரண்டு மடங்கானது. இனி மூடையை இறக்கிவிட்டு, வேகத்தை மட்டும் இரண்டு மடங்காக்குவோம்:

½ × 80 × 10 × 10 = 4000 யூல்

இப்போது சக்தி நான்கு மடங்கு. கணக்கில் வேகம் இரண்டு முறை பெருக்கப்படுவதே காரணம். வேகம் மூன்று மடங்கானால் சக்தி ஒன்பது மடங்காகும்.

களிமண் காட்டிய உண்மை

1720களில் ஒல்லாந்தின் லெய்டன் நகரில் பேராசிரியராக இருந்த கிராவெசாண்டெ என்பவர், பித்தளைக் குண்டுகளை வெவ்வேறு உயரங்களிலிருந்து மெதுவான களிமண்ணில் விழவிட்டுப் பார்த்தார். இரண்டு மடங்கு வேகத்தில் விழுந்த குண்டு நான்கு மடங்கு ஆழத்துக்குப் புதைந்தது. பிரான்ஸ் நாட்டு அறிஞர் எமிலி டு சாத்தெலே என்ற பெண்மணி 1740இல் வெளியிட்ட நூலில் இதன் பொருளை விளக்கினார்.

பிள்ளைகளுடன் சேர்ந்து நீங்களும் செய்து பார்க்கலாம். பிசைந்த களியில் ஒரு உருண்டைக் கல்லை அரை மீற்றர் உயரத்திலிருந்து விடுங்கள். பின்பு அதே கல்லை 2 மீற்றர் உயரத்திலிருந்து விடுங்கள். உயரம் நான்கு மடங்கானால் விழும் வேகம் இரண்டு மடங்காகும். குழியோ முன்னையதைவிட நன்றாக ஆழமாக இருக்கும்.

மண்வெட்டி தெரிவு செய்யும்போது

பாரங்கூடிய மண்வெட்டிதான் ஆழமாக வெட்டும் என்று பலர் எண்ணுகிறோம். 3 கிலோ மண்வெட்டியை ஒருவர் செக்கனுக்கு 4 மீற்றர் வேகத்தில்தான் வீச முடிகிறது எனக் கொள்வோம். அதன் சக்தி 24 யூல். 2 கிலோ மண்வெட்டியை அவரே செக்கனுக்கு 6 மீற்றர் வேகத்தில் வீசினால் 36 யூல். ஆகவே, உங்கள் கைக்கு வேகமாக வீசக்கூடிய பாரத்தையே தெரிவு செய்யுங்கள். காடுபற்றிய காணியைத் திரும்பவும் வெட்டித் திருத்தும் பெண்கள் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும்.

பெட்டியின் மேல் பிள்ளைகள்

இடம்பெயர்ந்த காலத்தில், வீட்டுச் சாமான் முழுவதையும் ஏற்றிய பெட்டியின் மேல் பிள்ளைகளை இருத்திக்கொண்டு போனதை எம்மில் பலர் மறக்கமாட்டோம். அன்று வேறு வழி இருக்கவில்லை. ஆனால் அறுவடைக்கும் கோயில் திருவிழாவுக்கும் அதே பழக்கம் தொடர்வதையே இங்கு யோசிக்க வேண்டும்.

உழவு இயந்திரம், பெட்டி, பாரம் எல்லாம் சேர்ந்து 5000 கிலோ என்று வைப்போம். செக்கனுக்கு 5 மீற்றர் வேகத்தில் அதன் சக்தி 62,500 யூல். 10 மீற்றர் வேகத்தில் 250,000 யூல். இந்தச் சக்தி முழுவதையும் பிறேக் வெப்பமாக மாற்றித் தீர்த்தால்தான் வண்டி நிற்கும். குறைந்த வேகத்தில் பிறேக் பிடித்து 5 மீற்றரில் நிற்கும் வண்டிக்கு, இரண்டு மடங்கு வேகத்தில் 20 மீற்றர் தேவை. சாரதி ஆபத்தைக் கண்டு பிறேக்கில் கால் வைக்க ஒரு செக்கன் சென்றால், அதற்குள் வண்டி முறையே 5 மீற்றரும் 10 மீற்றரும் ஓடிவிடும். மொத்தம் 10 மீற்றர் எங்கே, 30 மீற்றர் எங்கே! பெட்டிக்கெனத் தனியாகப் பிறேக் இல்லாவிட்டால் அது முன்னால் உள்ள இயந்திரத்தையும் தள்ளும்.

மேலே இருக்கும் பிள்ளையும் வண்டியின் வேகத்திலேயே போகிறது. 20 கிலோ பிள்ளைக்குச் செக்கனுக்கு 10 மீற்றர் வேகத்தில் 1000 யூல் சக்தி உண்டு. வண்டி சடுதியாக நின்றாலும் பிள்ளையின் உடல் நிற்காது. அந்த வேகத்தில் எதிலாவது மோதுவது 5 மீற்றர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமன். மணிக்கு 72 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் மோட்டார் சைக்கிளில் இருப்பவருக்கோ அது 20 மீற்றர். உயர்ந்த தென்னையின் உச்சியிலிருந்து விழுவது போன்றது.

மாரி வெள்ளம்

ஓடும் நீருக்கும் இதே விதிதான். ஒரு கன மீற்றர் நீர் 1000 கிலோ. செக்கனுக்கு 1 மீற்றர் வேகத்தில் அதன் சக்தி 500 யூல். 3 மீற்றர் வேகத்தில் 4500 யூல். வெள்ளம் முழங்கால் அளவுதானே என்று எண்ணி இறங்கக்கூடாது. ஆழத்தோடு ஓட்டத்தின் வேகத்தையும் பார்க்க வேண்டும். ஒரு தடியை நீரில் போட்டு, அது போகும் வேகத்தைக் கரையில் நின்றே அறியலாம்.

நாம் செய்யக்கூடியவை

1. பாரம் ஏற்றிய வண்டியை இறக்கத்தில் இறங்கும் முன்பே மெதுவாக்குங்கள். வேகத்தைப் பாதியாக்கினால் சக்தி காற்பங்காகும்.

2. மூடைகளின் மேல் பிள்ளைகளை இருத்த வேண்டாம்.

3. மோட்டார் சைக்கிளில் இருவருமே தலைக்கவசம் அணியுங்கள். அடியின் சக்தியை அது தன்மேல் வாங்கிப் பரப்பி, தலைக்குப் போவதைக் குறைக்கும்.

4. இந்தக் கணக்கைப் பிள்ளைகளைக் கொண்டு உங்கள் வண்டிக்கே செய்து பாருங்கள். உழவு இயந்திரம் ஓட்டும் அண்ணன்மாருக்கும் அந்த விடையைக் காட்டுங்கள்.