விண்டோஸா, லினக்ஸா, மேக்கா? பழைய லேப்டாப்பைத் தூக்கிப் போடும் முன் ஒரு நிமிடம்!

திருவதிகை என்றதும் வீரட்டானேஸ்வரர் கோயிலும், அங்கே சூலை நோய் தீர்ந்து பாடத் தொடங்கிய அப்பரும்தான் நினைவுக்கு வருவார்கள். பக்கத்துப் பண்ருட்டி என்றால் பலாவும் முந்திரியும். இந்த வட்டாரம் மட்டுமல்ல, தமிழகம் முழுக்கப் பல வீடுகளில் பொதுவாக இருக்கும் இன்னொரு பொருள், பிள்ளைகள் பள்ளியிலோ கல்லூரியிலோ வாங்கி வந்த விலையில்லா லேப்டாப்.

2011 செப்டம்பர் 15-ல் அப்போதைய முதல்வர் ஜெயலலிதா தொடங்கிவைத்த திட்டம் இது. எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்த அந்த லேப்டாப்கள் பலவற்றில் ஒரு விசேஷம் உண்டு. விண்டோஸோடு, ‘பாஸ் லினக்ஸ்’ என்ற இன்னொரு இயங்குதளமும் இருந்தது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய இந்திய லினக்ஸ் அது. அதாவது, ‘எது நல்லது?’ என்ற உலகப் பட்டிமன்றத்தின் இரண்டு அணிகளும் ஒரே பெட்டிக்குள் வீட்டுக்கு வந்துவிட்டன!

இப்போது ஏன் இந்தப் பேச்சு?

2025 அக்டோபர் 14-ம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. கம்ப்யூட்டர் நின்றுவிடாது. ஆனால், புதிய பாதுகாப்பு அப்டேட்கள் வராது. வீட்டுப் பயனாளர்கள் தனியாகப் பதிவு செய்தால் 2026 அக்டோபர் 13 வரை அவகாசம் உண்டு. நெட் பேங்கிங், ஆன்லைன் விண்ணப்பம் என்று பயன்படுத்துபவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

விண்டோஸ் 11-க்கு மாறலாமே என்றால், அதற்கு 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப், ஓரளவு புதிய பிராசஸர் எல்லாம் வேண்டும். பத்து வருடப் பழைய லேப்டாப் இந்தத் தேர்வில் பாஸாவது கஷ்டம்.

விண்டோஸ்: பழகிய வீடு

கடையில் கணக்கு எழுத டேலி, ஃபிளெக்ஸ் டிசைனுக்கு கோரல்டிரா, போட்டோஷாப் என்று தொழிலே இவற்றில் ஓடுபவர்களுக்கு விண்டோஸ்தான் வசதி. பழைய பிரின்டர், டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் போன்றவையும் இதில் தகராறு செய்வது குறைவு. சம்பாத்தியம் அதை நம்பி இருந்தால், புது கம்ப்யூட்டர் வாங்குவதே சரி.

லினக்ஸ்: செலவில்லாத வழி

பிரவுசர், யூடியூப், மெயில், ப்ராஜெக்ட் டைப் செய்வது, புரோகிராமிங் படிப்பது... இவ்வளவுதான் வேலை என்றால் லினக்ஸ் போதும். ‘லினக்ஸ் மின்ட்’ 4 ஜிபி ரேமில் நன்றாகவே ஓடும். பார்க்கவும் விண்டோஸ் போலவே இருக்கும். வேர்டு, எக்செல்லுக்குப் பதில் லிப்ரே ஆஃபீஸ் இருக்கிறது. கேரளத்தின் அரசுப் பள்ளிகளில் பல வருடங்களாக மாணவர்கள் லினக்ஸில்தான் படிக்கிறார்கள். கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனுக்குள் இருப்பதும் லினக்ஸ் கெர்னல்தான்.

குறை இல்லாமல் இல்லை. சில வைஃபை, பிரின்டர் மாடல்கள் மக்கர் செய்யும். பக்கத்துத் தெரு சர்வீஸ் கடையில் லினக்ஸ் தெரிந்தவர் கிடைப்பது அரிது. வீட்டில் ஒருவராவது கற்றுக்கொள்ளத் தயாராக இருக்க வேண்டும்.

மேக்: விலைதான் கேள்வி

பேட்டரி, திரை, வேகம் எல்லாமே அருமை. ஆனால், ஆப்பிள் கம்ப்யூட்டரில் மட்டுமே மேக் ஓஎஸ் கிடைக்கும். பழைய மேக்புக் மலிவாக வருகிறது என்று வாங்குபவர்கள் கவனிக்க: இன்டெல் சிப் உள்ள மேக்குகளை ஏற்கும் கடைசிப் பதிப்பு ‘டஹோ’தான் என்று ஆப்பிள் 2025-லேயே சொல்லிவிட்டது.

தமிழில் டைப் செய்ய?

இதில் சண்டையே வேண்டாம். தமிழ்99 விசைப்பலகை விண்டோஸ் 11, மேக், லினக்ஸ் மூன்றிலும் கிடைக்கிறது. சிக்கல் பழைய எழுத்துருக்களில்தான். பாமினியிலோ வானவில்லிலோ அடித்த ஃபைலை, அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் புரியாத எழுத்துகளாகத்தான் தெரியும். எந்தப் பக்கம் போனாலும், அவற்றை முதலில் யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள்.

மாறும் முன் இதைச் செய்யுங்கள்

* போட்டோ, சான்றிதழ், ப்ராஜெக்ட் ஃபைல்களை வேறு ஒரு டிஸ்க்கில் காப்பி எடுங்கள். இன்ஸ்டால் செய்யும்போது ஹார்டு டிஸ்க் மொத்தமும் அழிந்துபோக வாய்ப்பு உண்டு.

* 8 ஜிபி பென்டிரைவ் ஒன்றில் லினக்ஸைப் போட்டு, இன்ஸ்டால் செய்யாமலே ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை, சவுண்ட், கேமரா, பிரின்டர் நான்கும் வேலை செய்கிறதா என்று பாருங்கள். பென்டிரைவில் இருந்து ஓடும்போது வேகம் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும்.

* வீட்டில் உள்ளவர்கள் தினமும் செய்யும் வேலைகளை ஒரு பேப்பரில் எழுதுங்கள். அதில் விண்டோஸில் மட்டுமே நடக்கும் வேலை ஒன்றுகூட இல்லை என்றால், புது லேப்டாப்புக்கு ஒதுக்கிய பணம் பிள்ளையின் செமஸ்டர் ஃபீஸுக்கு உதவும்.