வெந்தயம் விற்போம்; வைத்தியம் வேண்டாம்

கொழுப்புக்கு நல்லதென்று வெந்தயம் கேட்டு வருவோர் நம் கடைகளில் பலர். அதில் உண்மையும் உண்டு. வெந்தயத்தை ஊறவைத்தால் வழவழப்பாகிறதல்லவா? அந்த நார்ச்சத்து குடலில் பித்த நீரைப் பற்றி வெளியேற்றுகிறது. புதிய பித்த நீர் சுரக்க, ஈரல் இரத்தத்திலுள்ள கொலஸ்ட்ராலை எடுத்துக்கொள்கிறது.

ஆனால் மூலிகை எல்லாமே கைகண்ட மருந்தாகிவிடாது. கொழுப்பைக் கரைக்கும் என்று 1980களில் பெயர்பெற்றது குக்குலு பிசின். 2003இல் வெளியான அமெரிக்க ஆய்வில் அதைச் சாப்பிட்டோருக்குக் கெட்ட கொலஸ்ட்ரால் சற்றுக் கூடியிருந்தது.

எனவே, “மாத்திரையை நிறுத்திவிடுங்கள்” என்று நாம் ஒருபோதும் சொல்லலாகாது. அது ஓர் உயிர் சம்பந்தப்பட்டது. நீரிழிவு மாத்திரை சாப்பிடுவோர் வெந்தயத்தை அதிகம் சேர்த்தால் சர்க்கரை இறங்கிவிடக்கூடும். இதய நோய், நீரிழிவு தீரும் என மருந்தாக விளம்பரப்படுத்துவது 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

கல், தூசு நீக்கிய புதுச் சரக்கைச் சரியான எடையில் கொடுப்போம். அளவை டாக்டர் சொல்லட்டும்.