பேட்டரி ஓடும்போதே உள்ளே எட்டிப் பார்ப்பது எப்படி?

போன் சார்ஜ் ஏறும்போது பேட்டரிக்குள்ள என்னதான் நடக்குது? பிரிச்சுப் பார்க்கலாம்தான். ஆனா பிரிச்ச உடனே காற்றும் ஈரமும் பட்டு உள்ளே இருப்பது மாற ஆரம்பிச்சிடும். அதனால, ஓடும்போதே எக்ஸ்ரே விட்டுப் பார்க்கிறாங்க.

நிக்கல் உள்ள லித்தியம் பேட்டரியை எடுத்துக்குவோம். எக்ஸ்ரேயின் ஆற்றலைக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தினா, 8,333 எலக்ட்ரான் வோல்ட் பக்கத்தில் நிக்கல் திடீர்னு அதை அதிகமா உறிஞ்சும். இந்த இடத்துக்குப் பேர் 'விளிம்பு'. சார்ஜ் ஏறும்போது நிக்கல் எலக்ட்ரானை இழக்கும். விளிம்பு மேல்நோக்கி நகரும். அந்தச் சின்ன நகர்வுதான் நாம தேடுற செய்தி.

இதுக்கு இந்தூரின் இண்டஸ்-2 மாதிரி சின்க்ரோட்ரான்கள் இருக்கு. ஆனா அங்கே நேரம் கேட்டுக் காத்திருக்கணும். சாதாரண எக்ஸ்ரே குழாயில் ஓடும் ஆய்வகக் கருவிகளும் இப்போ இருக்கு. ஒளி ரொம்பக் குறைவு. ஆனா நாள்கணக்கா அளக்கலாம்.

சரி, எங்கே ஏமாறுவோம்?

முதல்ல, பேட்டரியின் உறை. காயின் செல்லின் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் மூடியிலேயே நிக்கல் இருக்கும். ஓட்டை போட்டு காப்டன் ஜன்னல் வைக்கலைன்னா, மூடியைத்தான் அளந்துட்டு இருப்போம். ஜன்னல் வெச்சாலும் ஒரு சிக்கல்: அங்கே அழுத்தம் குறைஞ்சா, நாம பார்க்கிற அந்த இடம் மட்டும் பின்தங்கும். பேட்டரி ஃபுல், நம்ம கிராஃபில் பாதி!

அடுத்தது தாமிரத் தாள். 10 மைக்ரான் தாளே எக்ஸ்ரேயில் சுமார் மூணில் ஒரு பங்கை விழுங்கிடும். அதோட, 8,979-ல் தாமிரத்தின் சொந்த விளிம்பு வந்துடும். நிக்கல் கதையை அதுக்கு முன்னாடியே முடிச்சுக்கணும்.

மூணாவது, வேகம். ஒரு அளவீட்டுக்கு ஒரு மணி நேரம் ஆகுதுன்னு வைங்க. ரெண்டு மணி நேரத்தில் சார்ஜ் ஏத்தினா, கிடைப்பது ரெண்டே ரெண்டு கலங்கிய படம். 20 மணி நேரத்தில் ஏத்தினா 20 படம்.

கடைசியா ரெண்டு பழக்கம். அளக்கும் முன்னும் பின்னும் சுத்தமான நிக்கல் தாளை அளந்து, கருவியே நகர்ந்துடலைன்னு உறுதிப்படுத்துங்க. ஜன்னல் இல்லாத செல்லையும் அதே வேகத்தில் ஓட்டி, மின்னழுத்த வரைபடம் ஒத்துப்போகுதான்னு பாருங்க. ஒத்துப்போகலைன்னா, தெரியும் மாற்றம் பேட்டரியோடதா, ஜன்னலோடதான்னு சொல்லவே முடியாது.